துணைவர் கிடைக்கவில்லை

"உனக்குப் பொண்டாட்டியே இல்லேன்னு சொல்லுதேப்பா" என்றார் மேலாளர், திரையை அவன் பக்கம் திருப்பியபடி.

கமா எட்டிப் பார்த்தான். ‘குடும்ப இடமாற்ற விண்ணப்பம்’ என்ற தலைப்புக்குக் கீழே சிவப்பு எழுத்தில் வந்திருந்தது: துணைவர் கிடைக்கவில்லை.

"இருக்கா சார். கல்யாணத்துக்கு நீங்க வந்தீங்களே. சுவர்க்கடிகாரம்கூடக் குடுத்தீங்க."

"வந்தேன், குடுத்தேன். அதெல்லாம் சரி. ஆனா நம்ம வெப்சைட் பக்கம் இல்லேங்குதே?"

"அந்தப் பக்கத்தை எழுதினதே நான்தான் சார்."

"அப்ப உன்னையே நீ கேட்டுக்கோ. பக்கம் பச்சையா ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த நிமிஷம் கையெழுத்துப் போடறேன். இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் விண்ணப்பம். விட்டா அடுத்த வருஷம்."

கமா என்பது ஆபீஸ் வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் தன் புரோகிராமில் ஒரே ஒரு கமாவைப் போட மறந்து, கம்பெனியின் வெப்சைட்டை ஒரு முழுப் பகல் படுக்க வைத்துவிட்டான். அன்றிலிருந்து சொந்தப் பெயருக்குச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் வேலை.

அது குழாயும் வால்வும் செய்கிற கம்பெனி. கொஞ்ச காலத்துக்கு முன்னால் வேறோர் ஊரில் இருந்த சின்னக் கம்பெனி ஒன்றை விலைக்கு வாங்கி, ‘கிளை’ என்று போர்டு மாட்டினார்கள். போர்டு ஒரே நாளில் மாறிவிட்டது. டேட்டாபேஸ் மாறவில்லை. தலைமை ஆபீஸ் ஊழியர்களின் விவரமெல்லாம் ஒரு வகை டேட்டாபேஸில் இருந்தது; கிளை ஊழியர்களின் விவரம் வேறு வகை டேட்டாபேஸில், அதுவும் ஆதிகாலத்து வகையில், அந்த ஊரிலேயே இருந்தது. விண்ணப்பப் பக்கத்துக்காகக் கமா எழுதிய ஸ்கிரிப்ட் தலைமை ஆபீஸ் சர்வரில் தூங்கிக்கொண்டிருக்கும். யாராவது பக்கத்தைத் திறந்து பொத்தானை அமுக்கினால் எழுந்து ஓடும். தனக்குப் பழக்கமான ஒரே டேட்டாபேஸிடம் விசாரிக்கும். அங்கே ஆள் இல்லையென்றால் உலகத்திலேயே இல்லை என்று வந்து சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும்.

கமாவின் மனைவி கிளையில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தாள். அதனால் அவள் உலகத்திலேயே இல்லை.

கணவன் மனைவி இரண்டு பேரும் கம்பெனியில் இருந்தால் ஒரே ஊரில் போடலாம் என்று விதி இருந்தது. போன வருஷமும் விண்ணப்பித்தார்கள். ‘கிளை இன்னும் சரியாக இணையவில்லை’ என்று திருப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் போனில் அவள் வெகுநேரம் அழுதாள். கடைசியில், "இனிமே இந்தப் பேச்சே வேண்டாங்க. ஆசைப்பட்டு ஆசைப்பட்டு ஏமாறத் தெம்பில்ல. கிடைக்கிறப்ப கிடைக்கட்டும்" என்றாள். அவனும் சரி என்றான். அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பேசாமல் இருந்ததால் ஆசை குறைந்ததா என்றால், அதுவும் இல்லை.

அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்து இருந்த நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஒரு மாதம் தேறாது. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இவன் போவான், அல்லது அவள் வருவாள். வந்து செருப்பைக் கழற்றும்போதே திரும்பிப் போகும் வண்டி எத்தனை மணிக்கு என்ற பேச்சு வந்துவிடும். கடைசியாக வந்தபோது அவள் வெயில் முகத்தில் அடிக்கிறதென்று ஜன்னல் திரையின் இரண்டு பாதிகளையும் சேர்த்துத் தன் தலை கிளிப்பை மாட்டிவிட்டுப் போனாள். திரையைத் திறக்க வேண்டுமென்றால் அந்தக் கிளிப்பை எடுக்க வேண்டும். கமா எடுக்கவில்லை. பகலிலும் லைட் போட்டுக்கொண்டு இருந்தான்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் இருவரும் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு, அவரவர் தட்டில் அவரவர் சாப்பிட்டார்கள்.

"ஆபீஸ்ல என்ன வேலை இப்போ?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொன்னால் திரும்பவும் அவள் நாள் எண்ண ஆரம்பித்துவிடுவாள். ஆர்டர் கைக்கு வந்த பிறகு சொன்னால்? அவள் முகம் எப்படி மலரும் என்று யோசித்தான். அதற்காக ஒரு பொய் சொல்லலாம் என்று தோன்றியது.

"என்னைச் சம்பளப் பக்கத்துக்கு மாத்திட்டாங்க. பழைய பக்கங்களையெல்லாம் வேற ஒருத்தர் பார்க்கிறார்."

"ஓ. கெட்டிக்காரரா?"

"சுமார்தான்" என்றான் அடக்கத்தோடு. "உனக்கு?"

"ஸ்டோர்ஸ்தான். வேற என்ன. நட்டை எண்ணு, போல்ட்டை எண்ணு."

இரண்டு பேரும் தட்டைக் கழுவப் போனார்கள். இரண்டு ஊரிலும் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலையிலேயே கமா மேலாளர் முன்னால் போய் நின்றான்.

"சார், கிளை டேட்டாபேஸ் வேற வகை. அதோட பேசறதுக்கு ஒரு டிரைவர் வேணும்."

"இருக்கிறதே ஒரு டிரைவர். அவரும் எம்.டி.யைக் கூட்டிட்டு ஏர்போர்ட் போயிருக்கார்."

"அந்த டிரைவர் இல்ல சார். இது சாஃப்ட்வேர். அந்த வகை பேசறதை நம்ம ஸ்கிரிப்ட்டுக்குப் புரியற மாதிரி சொல்லும். மொழிபெயர்ப்பாளர் மாதிரி."

"சம்பளம் கேக்குமா?"

"கேக்காது சார்."

"வச்சுக்கோ."

டிரைவரைப் போட்டான். கிளையின் முகவரியையும் பாஸ்வேர்டையும் ஸ்கிரிப்ட்டில் கொடுத்தான். மனைவியின் ஊழியர் எண்ணை அடித்துப் பொத்தானை அமுக்கினான். ஸ்கிரிப்ட் எழுந்து, முதன்முறையாக ஊர் தாண்டிப் போய், பதிலோடு வந்தது.

துணைவர் என்ற இடத்தில் கட்டம் கட்டமாக ஏதோ இருந்தது.

பக்கத்து மேஜை டெஸ்டர் அக்கா எட்டிப் பார்த்தாள். யார் எதைச் செய்தாலும் அதில் தப்புக் கண்டுபிடிப்பதற்கென்றே கம்பெனி அவளுக்குச் சம்பளம் கொடுத்தது. அவளும் வாங்குகிற காசுக்கு வஞ்சகம் இல்லாமல் உழைத்தாள்.

"என்ன தம்பி, குறுக்கெழுத்துப் போட்டியா?"

"என் சம்சாரம்க்கா."

"இடமிருந்து வலமா, மேலிருந்து கீழா?"

கிளையில் எல்லாவற்றையும் ஏதோ பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார்கள். புது முறையில் படித்தால் கட்டம்தான் வரும். கமா உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்து, பழையதைப் புதியதாக மாற்றும் வரிகளை ஸ்கிரிப்ட்டில் சேர்த்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கும் போகவில்லை. மாலையில் பொத்தானை அமுக்கியபோது கட்டங்கள் போய், அந்த இடத்தில் அவள் பெயர் வந்து நின்றது.

தினமும் கூப்பிடுகிற பெயர்தான். ஆனாலும் அவ்வளவு தூரத்திலிருந்து, அவ்வளவு வேலிகளைத் தாண்டி, அவன் எழுதிய வரிகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. கமா திரையை அணைக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தான். பெருக்க வந்த பெண் நாற்காலியைத் தட்டிய பிறகுதான் எழுந்தான்.

மறுநாள் காலை மேலாளரைக் கையோடு கூட்டி வந்து காட்டினான். துணைவர் என்ற இடத்தில் ஒரே கேள்விக்குறிகளாக வரிசை கட்டி நின்றன.

"யாருய்யா இது? உனக்கே சந்தேகமா இருக்கா?" என்றார் மேலாளர்.

கமா உள்ளே நுழைந்து பார்த்தான். ராத்திரியோடு ராத்திரியாகக் கிளையில் யாரோ எல்லாப் பெயர்களையும் புது எழுத்துக்கு மாற்றி வைத்திருந்தார்கள். ஏற்கெனவே மாறியிருந்ததை அவனுடைய ஸ்கிரிப்ட் இன்னொரு தரம் மாற்றியதில் எழுத்து எழுத்தாகவே இல்லை.

கிளைக்கு ஒரு மெயில் அடித்தான்: ‘எங்களைக் கேட்காமல் எழுத்துருவை மாற்றியது யார்? – கணினிப் பிரிவு, தலைமை அலுவலகம்.’

உடனே பதில் வந்தது: ‘உங்கள் பக்கத்தில் வெறும் கட்டமாகத் தெரிந்ததால் மாற்றினோம். இப்போது கேள்விக்குறியாகத் தெரிகிறது. என்ன செய்து வைத்தீர்கள்? – கணினிப் பிரிவு, கிளை.’

கமாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சண்டைக்கு நேரமில்லை. தன் மாற்றத்தை எடுத்துவிட்டான். எடுத்துவிட்டுப் பார்த்தால் பழையபடி கட்டம். அதே நேரத்தில் அந்தப் பக்கத்து ஆளும் தன் மாற்றத்தை எடுத்துவிட்டிருந்தான்.

"வேணும்னே பண்றான்க்கா" என்றான் கமா.

"குறுகலான நடையில எதிர்ல வர்றவங்களுக்கு வழி விடறேன்னு ரெண்டு பேரும் ஒரே பக்கம் ஒதுங்குவாங்களே, அது மாதிரி இருக்கு" என்றாள் டெஸ்டர் அக்கா.

"இல்லக்கா. இவன் வழியை மறிக்கிறவன்."

ஒரு வழியாக, எழுத்து பழையதா புதியதா என்று முதலில் பார்த்துவிட்டு, தேவையானால் மட்டும் மாற்றுகிற மாதிரி ஸ்கிரிப்ட்டைத் திருத்தினான். இனி அந்த ஆள் எப்படிப் புரட்டினாலும் கவலையில்லை. துணிச்சலாக மேலாளரைக் கூப்பிட்டான். இந்தத் தடவை பெயர் சுத்தமாக, படிக்கும்படியாக வந்தது. துணைவர் என்ற இடத்தில் தலைமை ஆபீஸ் லிஃப்ட்காரரின் பெயர்.

கிளையிலும் ஊழியர் எண் ஒன்றிலிருந்து தொடங்குகிறது, இங்கேயும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. இந்தத் திருத்தத்தோடு இரண்டு டேட்டாபேஸையும் ஒரே பட்டியலாகச் சேர்த்ததில் ஒரே எண்ணுக்கு இரண்டு ஆள். அவன் மனைவியின் எண் இங்கே லிஃப்ட்காரருக்கு.

மேலாளர் நிதானமாகப் படித்தார். "அவரும் நீயும் ஒரே கட்டடத்துலதானேய்யா இருக்கீங்க. அப்புறம் எதுக்கு இடமாற்றம்?"

செய்தி லிஃப்ட்டைவிட வேகமாக மாடி ஏறியது. சாயங்காலம் கமா கீழே இறங்கப் போனபோது, அறுபதை நெருங்கும் அந்த மீசைக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்க. எந்த மாடிக்குக் குடித்தனம் போறோம்?"

கமா மாடிப்படியில் இறங்கினான். அன்றிலிருந்து படிதான்.

எண் குழப்பம் தீர, கிளை எண்களோடெல்லாம் ஒரு லட்சத்தைக் கூட்டிக்கொள்ளும்படி ஸ்கிரிப்ட்டில் எழுதினான். மறுநாள் பார்த்தால் துணைவர் கிடைக்கவில்லை. கிளையிலேயே யாரோ எல்லார் எண்ணோடும் ஒரு லட்சம் கூட்டி வைத்திருந்தார்கள். அதன்மேல் இவன் லட்சமும் ஏறி, கிளை ஊழியர்கள் அத்தனை பேரும் இரண்டு லட்சத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கமா தன் லட்சத்தைக் கழித்தான். அவர்களும் கழித்தார்கள். மறுபடியும் லிஃப்ட்காரர்.

கமாவுக்கு அந்தக் கிளை ஆளின் உருவமே கண்முன் வந்துவிட்டது. தடித்த கழுத்து. வாயில் எந்நேரமும் எதையோ மெல்லுகிறவன். வீட்டுக்குப் போனால் மனைவி வாசலில் நிற்பாள். பிரிவென்றால் என்னவென்றே அறியாத பிறவி. மெயிலை எடுத்து அடித்தான்: ‘கம்ப்யூட்டரைத் தொடத் தெரியாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே கம்பெனிக்குச் செய்யும் உதவி.’

பதில் வரவில்லை. அது அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

அன்று சாயங்காலம் போனில் மனைவியின் குரல் கம்மியிருந்தது.

"என்ன ஆச்சு, சளியா?"

"தூசி. இன்னைக்குச் சரக்கு இறங்குச்சு."

"வெந்நீர் குடி. துண்டை மூக்கில கட்டிக்கிட்டு வேலை பாரு."

"ம்."

"நான் பக்கத்துல இருந்தா..." என்று ஆரம்பித்தவன், இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டான். அவளும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அவள் மூச்சு விடும் சத்தத்தை அவன் கேட்டுக்கொண்டிருந்தான். "லைன்ல இருக்கீங்களா?" என்றாள். "இருக்கேன்" என்றான். அதைத் தவிர அவனால் வேறெங்கும் இருக்க முடியவில்லை.

எந்த ஆபீஸ் என்பதையும் எண்ணோடு சேர்த்துக் கேட்கிற மாதிரி பக்கத்தை மாற்றினான். லிஃப்ட்காரர் தொல்லை அதோடு ஒழிந்தது. துணைவர் என்ற இடத்தில் அவள் பெயர், பக்கத்தில் ஸ்டோர்ஸ் என்று பிரிவு. கீழே மட்டும் புதிதாக ஒரு சிவப்பு வரி: திருமண நாள் ஒத்துப்போகவில்லை. இவ்விருவரும் தம்பதியர் அல்லர்.

"இலக்கணமெல்லாம் சரியா இருக்கு தம்பி. யார் எழுதினது?" என்றாள் டெஸ்டர் அக்கா.

"நான்தான்க்கா."

அவர்கள் கல்யாணம் ஏழாம் மாதம் மூன்றாம் தேதி. இங்கே தேதியை முதலில் எழுதி மாதத்தைப் பிறகு எழுதுவார்கள். கிளையில் மாதம் முதலில். எனவே கிளை டேட்டாபேஸின்படி அவள் மூன்றாம் மாதம் ஏழாம் தேதியே யாரையோ கட்டிக்கொண்டுவிட்டாள். கமா ஸ்கிரிப்ட்டில் தேதியைப் புரட்டினான். அவசரத்தில் தலைமை ஆபீஸ் தேதிகளையும் சேர்த்துப் புரட்டிவிட்டான்.

காலையில் கணக்கு அதிகாரி அவன் மேஜைக்கு வந்தார். சாதாரணமாக வருகிறவர் இல்லை.

"தம்பி, நேத்து எனக்குக் கம்பெனியிலேருந்து திருமண நாள் வாழ்த்து வந்துச்சு."

"வாழ்த்துகள் சார்."

"நேத்து எங்க திருமண நாள் இல்ல. வாழ்த்து வீட்டு மெயிலுக்குப் போயிருக்கு. அந்தத் தேதியில யாரைக் கட்டினீங்கன்னு வீட்ல கேக்கறாங்க. ராத்திரி சாப்பாடு இல்ல."

அவரிடம் மன்னிப்புக் கேட்டுத் தலைமை ஆபீஸ் தேதிகளை நேராக்கினான். கிளைத் தேதிகளை மட்டும் புரட்டும்படி விட்டான். இனித் தவற வழியே இல்லை என்று பொத்தானை அமுக்கினான். தம்பதியர் அல்லர். கிளையில் இருக்கிற அந்தத் தடித்த கழுத்து, அன்று காலைதான் அங்கே எல்லாத் தேதிகளையும் புரட்டி வைத்திருந்தது.

கமா எழுந்து நின்றே மெயில் அடித்தான். ‘உங்களுக்குக் குடும்பம் என்று ஒன்று இருந்தால், அதன்மேல் ஆணையாக, இனி அந்தத் தேதிகளில் கை வைக்காதீர்கள்.’

பதில் ஒரே வரியில் வந்தது: ‘உங்களுக்குக் குடும்பம் இருந்திருந்தால் இப்படியெல்லாம் செய்ய மாட்டீர்கள். – கணினிப் பிரிவு, கிளை.’

தெரியாத ஒருவன் எங்கோ உட்கார்ந்துகொண்டு சரியாக அந்த இடத்தில் குத்தியிருந்தான். டெஸ்டர் அக்கா தன் பிஸ்கட் பாக்கெட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். அவள் அதை யாருக்கும் நகர்த்தியதில்லை.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காத. உன் வீட்டுக்காரி அங்கேதானே வேலை பார்க்குது? அந்த ஆள் யாரு என்னன்னு அதையே கேட்டா என்ன?"

"கேட்டா எதுக்குன்னு கேப்பா. சொன்னா மறுபடி ஆசைப்படுவா. நடக்கலேன்னா..." அவன் பிஸ்கட்டை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டான். "போன வருஷம் அவ அழுததை நீங்க கேக்கலக்கா. அழற சத்தம் போன்ல வந்தா, என்ன பண்றதுன்னே தெரியாது. கண்ணைத் துடைக்கவும் முடியாது. போனைத்தான் துடைக்கணும்."

டெஸ்டர் அக்கா அதில் எந்தத் தப்பும் கண்டுபிடிக்கவில்லை.

கடைசி வாரம் வந்தது. தேதி எப்படி எழுதியிருந்தாலும் புரிந்துகொள்ளும்படி ஸ்கிரிப்ட்டுக்குச் சொல்லிக்கொடுக்கப் புதன்கிழமை பூராவும் உட்கார்ந்தான். பெயர் சரி. எண் சரி. தேதி சரி. எழுதி முடித்து, கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு, மேலாளர் பார்க்கப் பொத்தானை அமுக்கினான்.

பக்கம் யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது. பிறகு சொன்னது: அனுமதி மறுக்கப்பட்டது.

கிளையில் பாஸ்வேர்டையே மாற்றிவிட்டார்கள். கூடவே ஒரு மெயில்: ‘உங்கள் தொல்லை பொறுக்க முடியாததால் கதவைச் சாத்திவிட்டோம். இனி எங்கள் வேலையை நாங்களே பார்த்துக்கொள்வோம்.’

"என்னப்பா, பொண்டாட்டி வீட்டுக் கதவைச் சாத்திட்டாங்களா?" என்று வேடிக்கையாகக் கேட்ட மேலாளர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "நேர்ல போயிட்டு வா. நாளைக்கு ஒரு நாள் எடுத்துக்கோ. அந்த ஆள்கிட்ட நல்லபடியா பேசு. காலைப் பிடிக்கணும்னாலும் பிடி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ஆபீஸைப் பூட்டற வரைக்கும் நேரம் இருக்கு" என்றார்.

அன்று போனில் அவள் உற்சாகமாக இருந்தாள்.

"இன்னைக்கு மனசு லேசா இருக்குங்க. ரொம்ப நாளா இருந்த ஒரு தொல்லை ஒழிஞ்சுது."

"எலியா?" ஸ்டோர்ஸில் எலி இருப்பதாக முன்பு சொல்லியிருந்தாள்.

"ஆமா, எலிதான்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவனுக்குத் தோன்றியது. நாளை சாயங்காலம் இதே சிரிப்பைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். முதலில் அந்த ஆளைப் பார்க்க வேண்டும். பாஸ்வேர்டை வாங்க வேண்டும். பக்கம் பச்சையாவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, நேராக ஸ்டோர்ஸுக்குப் போய், நட்டு எண்ணிக்கொண்டிருக்கிறவளின் எதிரில் நிற்க வேண்டும். அவள் எண்ணிக்கையை மறந்துவிடுவாள். மறுபடி முதலிலிருந்து எண்ணட்டும், கூட உட்கார்ந்து இவனும் எண்ணுவான்.

"என்ன பேச்சைக் காணோம்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நீ சிரி."

வியாழக்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தான். அந்த ஊருக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறான். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை; அவள் தங்கியிருக்கும் அறை, அதற்குக் கீழே இருக்கும் சின்னப் பூங்கா, பஸ் ஸ்டாண்ட், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த ஊர். கிளை ஆபீஸ் பக்கம் போனதே இல்லை. வழி முழுக்க அந்த ஆளிடம் பேச வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். புறப்பட்டபோது அது வசவாக இருந்தது. பாதி வழியில் வாதமாக ஆயிற்று. இறங்கும்போது, ‘ஐயா, நானும் என் மனைவியும் ஒரு வீட்டில் இருந்து பார்த்ததே இல்லை’ என்ற ஒரு வாக்கியம்தான் மிச்சம் இருந்தது.

கிளை ஆபீஸ் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். முற்றத்தில் குழாய்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. வாசலில் இருந்த காவலாளி வாயாடி என்பது அவர் நாற்காலியைப் போட்டிருந்த இடத்திலேயே தெரிந்தது. உள்ளே போகிறவர்கள் யாரும் அவரைத் தாண்டாமல் போக முடியாது.

"யாரைப் பார்க்கணும்?"

"தலைமை ஆபீஸ்லேருந்து வர்றேன். இங்கே கம்ப்யூட்டர் பிரிவுல ஒருத்தர் இருக்காரே, அவரைப் பார்க்கணும்."

"அவரையா?" காவலாளி அவனை மேலும் கீழும் பார்த்தார். "என்ன விஷயமா?"

"குடும்ப விஷயம்" என்றான் கமா. "அவர் மனசு வச்சா ஒரு குடும்பம் ஒண்ணு சேரும். நான் சண்டைக்கு வரலைங்க. கெஞ்சத்தான் வந்திருக்கேன்."

காவலாளி நாற்காலியை நகர்த்தி வழி விட்டார். எழுந்து கூடவே நடந்தார். தூரத்தில் ஒரு கதவைக் கையால் காட்டினார்.

"நீங்க சொல்ற ஆள் வேலையை விட்டுப் போயி எவ்வளவோ மாசமாச்சு சார், இப்ப நம்ம ஸ்டோர்ஸ் அம்மாதான் அதையும் பார்க்கிறாங்க, வீட்டுக்காரர் ஊருக்கு மாத்தல் வாங்கிட்டு அவர் முன்னால போயி திடீர்னு நிக்கணும்னு அவருக்கே தெரியாம ராத்திரி பகலா தானா படிச்சுக் கத்துக்கிட்டாங்க, ஆனா பாருங்க, அங்கே உங்க ஆபீஸ்ல எவனோ ஒரு பாவி இவங்க திருத்தறதையெல்லாம் ஒண்ணுவிடாம கெடுக்கறானாம், தினமும் சொல்லிச் சொல்லி அழறாங்க – அவன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"